ஏழாம் குறிக்கு வடக்கே

அவளுக்கு டேப்பு என்று பெயர் வைத்தவர் அத்தான்தான். நில அளவைத் துறையில் வேலை கிடைத்த முதல் மாதம் கையில் அளவு நாடாவோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து, "வாம்மா டேப்பு, முதல்ல உங்க அக்கா வாயோட நீளத்தை அளந்து சொல்லு" என்றார். அக்காள் கரண்டியை ஓங்கினாள். அவர் குனிந்துகொண்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருடத்தில் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது, பெரியவர்களுக்கு டேப்பு, சின்னவர்களுக்கு டேப்பக்கா.

அவள் வேலை கடற்கரையை அளப்பது. ஊரின் கரை நெடுக இருபத்திரண்டு இடங்களில், சுவரிலோ அடித்தளத்திலோ ஒரு பித்தளைக் குமிழைப் பதித்திருந்தார்கள். அதற்குக் குறி என்று பெயர். மாதம் ஒருமுறை ஒவ்வொரு குறியிலிருந்தும் நீரின் விளிம்பு வரை மணல் எத்தனை மீட்டர், எவ்வளவு உயரம் என்று அளந்து எழுத வேண்டும். முக்காலியில் கருவியை நிறுத்தி அவள் கண்ணைப் பொருத்திக்கொள்வாள். நீண்ட அளவுகோலைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போய் நிற்பவர் கோல்காரர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். எத்தனை பெரிய அலை வந்து முகத்தில் அறைந்தாலும் கோல் மட்டும் சாயாது.

"மேடம், முன்னெல்லாம் நான் தண்ணியைத் தேடி இருநூறு அடி நடந்து போவேன். இப்ப நான் நிக்கிற இடத்துக்கு அதுவே வருது. வயசான மனுஷனுக்குக் கடல் குடுக்கிற மரியாதையைப் பாத்தீங்களா?" என்பார். அவள் சிரிப்பாள். ஆனால் கையிலிருக்கும் எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஏழாம் குறி அக்காளுடைய சலவை நிலையத்தின் பின்சுவரில் இருந்தது. விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் திரைச்சீலைகளையும் வெளுத்துத் தரும் தொழில். கீழே நான்கு பெரிய இயந்திரங்கள், மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி நிறையக் கொடிகள். கடல் காற்றில் விரிப்புகள் ஒரு மணி நேரத்தில் சருகாகக் காய்ந்துவிடும். "ஊர்ல எல்லாருக்கும் கடல் வேடிக்கை பாக்க. எங்களுக்கு அது சம்பளம் வாங்காத வேலைக்காரன்" என்று அத்தான் பெருமை அடித்துக்கொள்வார்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சுவரிலிருந்து கடல் அறுபத்திரண்டு மீட்டர் தள்ளி இருந்தது. பிறகு தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீளமாக ஒரு கல்தடுப்பு கட்டினார்கள். அந்தக் கரையில் அலை சாய்ந்து அடிக்கும். அடித்து அடித்து மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே போகும். வழியில் கல்தடுப்பு வந்து நின்றதும் மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. அங்கே கரை கொழுத்தது. இந்தப் பக்கம் மெலிந்தது. அதற்கு மேல், கடல் மட்டம் வருடத்துக்கு ஒரு நெல்மணி உயரம் ஏறிக்கொண்டிருந்தது. கொந்தளிக்கும் மாதங்களில் அலை மணலை வாரிக்கொண்டு போவது எப்போதும் உள்ளதுதான். பிறகு கடல் சாதுவாகும் மாதங்களில் சின்ன அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து போடும். ஆனால் சாது மாதங்கள் நான்கிலிருந்து இரண்டரையாகிவிட்டன. போனது அத்தனையும் திரும்பி வர நேரம் போதவில்லை.

இதெல்லாம் அவளுக்கு ஐந்து வருடத்துக்கு முன்பே அரைகுறையாகத் தெரியும். அதுதான் அவள் நெஞ்சில் தைத்த முள்.

அப்போது வாடகைக்கு இருந்த கட்டடத்தைச் சொந்தமாக வாங்கிவிடலாமா என்று அத்தான் கேட்டார். "டேப்பு, நீ மாசாமாசம் அளக்கிறவ. கடல் கிட்ட வர்ற மாதிரி இருக்கே, பயமில்லையே?" அன்றைக்கு ஏழாம் குறியில் முப்பத்தெட்டு மீட்டர். குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் சில வருடங்கள் ஏறவும் செய்திருந்தது. அலுவலகத்திலும், உறுதியாகத் தெரியாமல் ஊரைக் கலக்காதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அக்காள் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்தாள். "மணல் போகும், வரும் அத்தான். அதோட குணமே அதான்" என்று சொல்லிவிட்டாள். பொய் இல்லை. உண்மையில் தனக்கு வசதியான பாதி.

இப்போது பத்தொன்பது மீட்டர்.

தெருவில் பதினெட்டு வீடுகள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு நகராட்சிக்கு மனு கொடுத்தார்கள்: ஐந்தாம் குறியிலிருந்து ஒன்பதாம் குறி வரை கடலுக்கு எதிரே பாறாங்கல் சுவர் வேண்டும். முதல் கையெழுத்து அக்காளுடையது. நகராட்சி பொறியாளரிடம் கேட்டது. பொறியாளர் அவளிடம் கேட்டார்.

அவள் பதினெட்டு வருட எண்களையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று வாரம் கணக்குப் போட்டாள். விடை ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வந்தது. சுவர் கட்டினால் சுவருக்குப் பின்னால் இருக்கும் நிலம் கொஞ்ச காலம் நிற்கும். ஆனால் சுவரில் மோதித் திரும்பும் அலை முன்னாலிருக்கும் மணலைச் சுரண்டி எடுத்துவிடும். பசித்த கடல் சுவர் முடிகிற இடத்தில் வளைந்து போய் அடுத்த வீட்டுக்காரன் நிலத்தைத் தின்னும். அந்த அடுத்த வீட்டுக்காரன் வடக்கு வரிசை. படகு இன்ஜின் பழுது பார்ப்பவர்கள், ஐஸ் ஆலையில் வேலை செய்பவர்கள் என்று நாற்பத்தொரு வீடுகள், நடுவில் ஒரு குழந்தைகள் காப்பகம். சுவர் எழுந்தால் அந்த வரிசை மூன்று வருடம்கூடத் தாங்காது.

பொறியாளர் நல்ல மனிதர்தான். அறிக்கையைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் பொய் எழுதச் சொல்லல. வடக்கு வரிசையைப் பத்தின பகுதியை மட்டும் கடைசியில பின்னிணைப்பா போட்டுடுங்க. இருக்கணும், ஆனா முன்னால இருக்க வேணாம்."

"பின்னிணைப்பை யாரு சார் படிப்பாங்க?"

"அதான் சொல்றேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்கா வீடும் அங்கதானே இருக்கு? நான் யாருக்காகச் சொல்றேன்?"

இரண்டு பக்கமும் இடி என்றால் மத்தளத்துக்குத்தான் தெரியும். அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தாள். மூன்றாம் நாள் மதியம், ஊர் மூலமாக அக்காளுக்குத் தெரியவேண்டாம், தன் வாயாலேயே சொல்லிவிடலாம் என்று சலவை நிலையத்துக்குப் போனாள்.

அக்காள் மொட்டை மாடியில் இருந்தாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். வந்தவளிடம் எதுவும் கேட்காமல் ஒரு முனையை நீட்டினாள். இருவரும் எதிரெதிராக நின்று உதறினார்கள், இழுத்துப் பிடித்தார்கள், நடந்துவந்து நடுவில் முனைகளைச் சேர்த்தார்கள். மூன்றாவது விரிப்பில் அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஐந்தாவதில் முடித்தாள்.

அக்காள் விரிப்பை விடவில்லை. "அப்ப சுவர் வேணாம்னு எழுதப் போற."

"சுவர் கட்டினா என்ன ஆகும்னு எழுதப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேடி."

"வடக்கு வரிசை போயிடும்க்கா. காப்பகம் இருக்கு அங்க."

"தனக்கு மிஞ்சித்தான் தான தர்மம். அவங்களுக்கு ஒரு தங்கச்சி அளவைத் துறையில இருந்திருந்தா, நம்மளைப் பத்தி இவ்வளவு யோசிச்சிருப்பாளா?" அக்காள் கிட்டே நடந்து வந்தாள். முனைகள் சேர்ந்தன. முகத்துக்கு நேராக முகம். "அன்னைக்குச் சொன்னியே, மணல் போகும் வரும்னு. உன் பேச்சை நம்பித்தான் இந்தக் கட்டடத்தை வாங்கினோம். அப்ப இந்தக் கணக்கெல்லாம் எங்க போச்சு?"

"தப்பு பண்ணிட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

"சரி. இனிமே நானே மடிச்சுக்கிறேன், போ."

அவள் படியிறங்கும்போது மேலே தனியாக ஒருத்தி விரிப்பை உதறும் சத்தம் கேட்டது. ஒரு முனையைக் கொடியில் மாட்டிக்கொண்டு மறுமுனையை இழுக்கிறாள் என்று தெரிந்தது.

அறிக்கை அவள் எழுதியபடியே போயிற்று. வடக்கு வரிசை முதல் பக்கத்திலேயே இருந்தது.

நூலக அரங்கில் ஒரு காலையில் பொதுமக்கள் கூட்டம் போட்டார்கள். ஒரு பக்கம் பதினெட்டு வீட்டுக்காரர்கள், மறுபக்கம் வடக்கு வரிசைக்காரர்கள். சம்பந்தி வீட்டார் முதல்முறையாகப் பார்த்துக்கொள்வதுபோல இரு தரப்பும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் வரைபடத்தை மாட்டி, நடந்ததையும் நடக்கப்போவதையும் சொன்னாள். வடக்கு வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நகக்கண்ணில் கிரீஸ் ஏறிய கை. படகு இன்ஜின் வேலையில் அந்தப் பக்கத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மெக்கானிக்கம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"சுவரே கட்டலேன்னா எங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆகும். மெதுவா ஆகும். எத்தனை வருஷம்னு இன்னும் கணக்குப் போடல."

அதற்குப் பிறகு அக்காள் எழுந்தாள். இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"அவங்க நாப்பத்தோரு வீடு, நாங்க பதினெட்டு. தலையை எண்ணித்தான் முடிவு பண்ணுவீங்களா மேடம்?"

அக்காள் வாயிலிருந்து மேடம் என்று வந்தது கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

"இல்ல. சுவர் கட்டினாலும் உங்க வீடு போகும். பத்து வருஷம் தள்ளிப் போகும். போறப்ப அவங்க வீட்டையும் முன்னாடியே அனுப்பி வெச்சிருக்கும். அதனாலதான் வேணாம்னு சொல்றேன்." அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லணும். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்க அத்தான் கேட்டப்ப, மணல் திரும்பி வரும்னு சொன்னேன். வர்றது குறையுதுன்னு அப்பவே என் நோட்டுல எழுதியிருந்தது. சொல்லத் தைரியம் இல்ல. இந்தத் தெருவுல வேற யாராவது என் பேச்சைக் கேட்டு அங்க காலை ஊன்றியிருந்தா, அந்தத் தப்பு என்னோடது."

பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காள் உட்கார்ந்தாள்.

சுவர்த் திட்டம் நின்றது. அதற்குப் பதிலாக, பழைய ரயில் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலத்தில் வேண்டுபவர்களுக்கு இடம் தருவதாக நகராட்சி சொன்னது. சிலர் விண்ணப்பம் வாங்கினார்கள். சிலர் அதை வாங்கிக் கிழித்தார்கள். அத்தான் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வைத்தார். அலை ஓய்ந்து குளிக்கலாம் என்பதுபோல, இந்த மாதம் போகட்டும், அடுத்த மாதம் போகட்டும் என்று நாள் ஓடியது. நான்கு மாதமாக அக்காள் அவளோடு பேசவில்லை. ஏழாம் குறியை அளக்கப் போகும்போது மேலே விரிப்புகள் ஆடும். எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. கோல்காரர் மட்டும் நாசூக்காகக் கடல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்.

அது நடந்த நாளில் காற்றே இல்லை. வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. காலை பத்து மணிக்கு, ஆழ்கடலில் மிதக்கும் அளவுமானியிலிருந்து அலுவலகத்துக்கு எண் வந்தது. வழக்கமாக எட்டு ஒன்பது விநாடிக்கு ஓர் அலை. அன்றைக்குப் பதினெட்டு விநாடி. எங்கேயோ ஆயிரக்கணக்கான கல் தொலைவில் அடித்து ஓய்ந்துபோன புயல் ஒன்று அனுப்பிவைத்த அலைகள். அவை நடுக்கடலில் உயரமாகத் தெரியாது. கரைக்கு வந்தால்தான் எழுந்து நிற்கும். போதாததற்கு அன்றைக்கு முழுநிலவு நாள். பன்னிரண்டரைக்குக் கடல் ஏற்றம் உச்சத்துக்கு வரும்.

அக்காளுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. அத்தானுக்குச் செய்தாள்.

"வெயில் பல்லைக் காட்டிட்டு இருக்கு டேப்பு. இதைச் சொன்னா உங்க அக்கா என்னைத்தான் முதல்ல கடல்ல தள்ளுவா."

"அத்தான், இந்தத் தடவை முழுசாச் சொல்றேன். ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. விளையாட்டு இல்ல."

"மெஷின் நாலும் தரையில போல்ட் போட்டு முடுக்கியிருக்கே. நான் ஒருத்தன் என்ன பண்றது?" என்றார் அவர், வேறு குரலில்.

தெருவுக்கும் வடக்கு வரிசைக்கும் நகராட்சி எச்சரிக்கை கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, அவள் கோல்காரரோடு ஜீப்பில் ஏறினாள். பாதி வழியில் மெக்கானிக்கம்மாவின் நினைவு வந்தது. கூட்டத்தில் கையெழுத்து வாங்கிய தாளில் அவள் போன் எண் இருந்தது.

"எங்க அக்கா கடையில பெரிய மெஷின் நாலு இருக்கு. தூக்கறதுக்கு..."

"போல்ட் எத்தனாம் நம்பர்?"

"தெரியல."

"சரி, எல்லா ஸ்பேனரையும் எடுத்துட்டு வரேன்."

அவள் போய்ச் சேர்வதற்குள் படகு ஏற்றும் வண்டியும் இன்ஜின் தூக்கும் சங்கிலிக் கப்பியுமாக வடக்கு வரிசையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அக்காள் வாசலில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டாளோ அவர்கள் அவள் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்து போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே ஓடினாள். விரிப்புகளை மூட்டை கட்ட.

பதினொன்றே முக்காலுக்கு முதல் அலை பின்சுவரைத் தொட்டது. சத்தமில்லாமல் வந்து, தண்ணீர் குடிக்க வந்த மாடுபோலச் சுவரில் முகத்தை வைத்துவிட்டுப் போனது. அடுத்தது பின்கதவின் அடியால் உள்ளே வந்தது. முதல் இயந்திரம் வண்டியில் ஏறியது, பிறகு இரண்டாவது. மூன்றாவதை இழுத்து ஏற்றும்போது கணுக்காலளவு தண்ணீர். பின்சுவரில் மேலிருந்து கீழே ஒரு கீறல் ஓடியது.

"போதும், வெளிய வாங்க!" என்று அவள் கத்தினாள். எல்லோரும் வந்தார்கள். அக்காள் வரவில்லை.

அவள் படியேறினாள். மாடியில் அக்காள் பன்னிரண்டாவது மூட்டையின் மேல் முழங்காலை ஊன்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டு வாக்கா!"

"ஊரான் வீட்டுத் துணிடி. கடலுக்குக் குடுத்துட்டு நாளைக்கு எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

வாதாட நேரமில்லை. அவள் ஒரு முனையைப் பிடித்தாள், அக்காள் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக மூட்டைகளை மாடியின் தெருப்பக்கத்திலிருந்து கீழே எறிந்தார்கள். கோல்காரர் கீழே நின்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். கடைசி மூட்டையோடு அவர்களும் படியிறங்கி வாசலைத் தாண்டினார்கள். சிறிது நேரத்தில் பின்சுவர் விழுந்தது. விழுந்தது என்பதைவிட உட்கார்ந்தது என்று சொல்லலாம். அதோடு நான்காவது இயந்திரமும், அந்த அறையில் மாட்டியிருந்த அத்தானின் சட்டையும், பித்தளைக் குமிழும் போயின.

இரண்டு மணிக்குக் கடல் இறங்கியது. அக்காள் ஜீப்பின் பின்னால் ஈர மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். தங்கை அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதே" என்றாள் அக்காள்.

"இல்லக்கா."

"போனை எடுத்திருக்கணும் நான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரா, வேறா என்று தெரியவில்லை. "எடுத்திருந்தா நாலாவதையும் எடுத்திருக்கலாம்."

அந்தத் தெருவின் பதினெட்டு வீட்டில் பதினோரு வீட்டார் மேட்டு நிலத்துக்குப் போனார்கள். ஏழு வீட்டார் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. எல்லோருக்கும் எழுந்து போகும் தெம்பு ஒரே நாளில் வருவதில்லை. புதிய இடத்தில் அக்காளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. காற்று இல்லை, விரிப்பு காய ஒரு நாள் ஆகிறது, ரயில் கொட்டகைத் தூசி துவைத்ததைத் திரும்ப அழுக்காக்குகிறது. சுடுகாற்றில் உலர்த்தும் இயந்திரம் வாங்கவேண்டும் என்று அத்தானை அரித்துக்கொண்டிருக்கிறாள். தங்கை வந்தால் பேசுகிறாள். பழைய மாதிரி இல்லை. இருந்தாலும் விரிப்பின் முனையை நீட்டுகிறாள்.

கடல் உள்ளே வந்த அந்த மாதத்து அளவை முடித்த பிறகு அவள் செய்த வேலை ஒன்று யாரும் கேட்டதல்ல. பத்திலிருந்து பதினான்காம் குறி வரை வடக்கு வரிசையின் எண்களை எடுத்து ஒரு வாரம் கணக்குப் போட்டாள். முடித்ததும் பொறியாளரின் மேசையில் ஒரு படி வைத்தாள். "இதை முதல்ல அவங்ககிட்டச் சொல்லிட்டு வந்துடறேன் சார்." அவர் படித்தார். தடுக்கவில்லை.

மெக்கானிக்கம்மா பட்டறை வாசலில் ஓர் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டாள். பின்னால் காப்பகத்தில் குழந்தைகள் எதையோ கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்குக் கேட்டீங்களே, சுவர் இல்லேன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதான்னு. எத்தனை வருஷம்னு கணக்குப் போட்டுட்டேன்."

மெக்கானிக்கம்மா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "நல்ல சேதி இல்ல போலிருக்கு. நல்ல சேதியா இருந்தா போன்லயே சொல்லியிருப்பீங்க."

"ஒன்பது வருஷம். ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருக்கலாம். நடுவுல அன்னைக்கு மாதிரி ஒரு நாள் வந்தா அதுவும் குறையும். வீட்டை விரிவாக்கறது, புதுசாக் கட்டறது எதுவும் இங்க வேணாம். காப்பகத்தை முதல்ல மாத்தணும்."

மெக்கானிக்கம்மா கடலைப் பார்த்தாள். அது அன்றைக்கு மிகச் சாதுவாக, வந்து வந்து கரையைத் தடவிக்கொண்டிருந்தது. கந்தைத் துணியால் விரல் விரலாக நிதானமாகத் துடைத்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்ட நேத்துதான் செங்கல் இறக்கினாரு" என்றாள். பிறகு எழுந்தாள். "உக்காருங்க, போயிடாதீங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வரேன்."

அவள் டின்னின் மேல் உட்கார்ந்து, பையிலிருந்து வரைபடத்தை எடுத்து முழங்காலின் மேல் விரித்துக்கொண்டாள். வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.